கத்தாத மாமியார்

வேன் ஓட்டுகிறவர்கள் அந்தப் போனுக்கு மாமியார் என்று பேர் வைத்துவிட்டார்கள். யார் முதலில் வைத்தது என்று தெரியாது. வைத்த அன்றே எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பிடியில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி. இமை தாழ்ந்தால் முதலில் "கண்ணைத் திறங்கள்" என்று சொல்லிப் பார்க்கும். கண் இரண்டு நொடி மூடினால் சிவப்பாகும், கத்தும். கத்துவதோடு விட்டாலாவது போகட்டும் என்றிருக்கலாம். கத்திய கையோடு ஆபீசுக்கும் சொல்லிவிடும். முகத்துக்கு நேரே திட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னாலும் போட்டுக்கொடுக்கிற ஆளுக்கு வேறென்ன பேர் வைப்பது?

பிஸ்கட் ஆலைக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிடுகிற கம்பெனி அது. நாற்பத்திரண்டு வேன்கள். போன வருஷம் வேறெங்கோ ஒரு வண்டி, டிரைவர் தூங்கி, பாலத்தில் மோதியதாம். அதற்குப் பிறகுதான் இந்தப் போன்கள் வந்தன. மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் ஒரு வாரம் வண்டி கிடையாது. ஷெட்டில் உட்கார்ந்து மற்றவன் வண்டியைக் கழுவ வேண்டும். திரும்பவும் மூன்று விழுந்தால் வீட்டுக்குப் போகலாம்.

அங்கே இருந்ததிலேயே மூத்த டிரைவரை எல்லாரும் அரைக்கண்ணர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது அறுபத்தொன்று. முப்பத்து நாலு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். பல வருஷத்துக்கு முன்னால் லாரி ஓட்டியபோது கல் பட்டு முன்கண்ணாடி உடைந்து, சில்லு இடது இமையைக் கிழித்துவிட்டது. தைத்த இமை அதற்குப் பிறகு முழுசாக மேலே போகவில்லை. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, அவர் எந்நேரமும் பாதித் தூக்கத்தில் இருக்கிற மாதிரியே தெரியும்.

மாமியாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. முதல் நாள் ஒரே நடையில் பத்தொன்பது தடவை "கண்ணைத் திறங்கள்" என்றது. வேனில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாயே, திறந்துதான் இருக்கு என்று அவரும் சொல்லிப் பார்த்தார். அது கேட்கிற ரகம் இல்லை. முதல் வாரத்திலேயே இரண்டு சிவப்பு.

ஆபீஸ் கிளார்க்கிடம் போய்ச் சொன்னார். மிஷின் பொய் சொல்லாது என்றான் அவன். அந்த ஒரு வார்த்தை அரைக்கண்ணரின் மண்டையில் முள்ளாகத் தைத்தது. ஒருத்தன் பொய்யே சொல்லமாட்டான் என்று இன்னொருத்தன் சத்தியம் செய்தால், இரண்டு பேரையும் நம்பக்கூடாது என்பது அவர் அனுபவம். அந்தப் போன் உயிரைக் காப்பாற்ற வந்தது என்பதையும் அவர் நம்பவில்லை. வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறது, காப்பாற்றுவது எல்லாம் மேல்பூச்சு என்றே நினைத்தார்.

மூன்று நாள் அதையே யோசித்தார். போன்கள் வந்த அன்று, அதில் முகம் பதிய வேண்டும் என்று கிளார்க் சொல்லியிருந்தான். நல்லாத் திறங்க, இன்னும் நல்லா என்று விரட்டியதில், நெற்றியைச் சுருக்கி, புருவத்தை உச்சந்தலைக்கு ஏற்றி, முழித்துக்கொண்டு நின்றார். அந்த முழியை அவருடைய சாதாரண முழி என்று போன் எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கேதான் கோளாறு. வேறு மாதிரி பதிந்தால் வேறு மாதிரி நம்பும்.

புதிதாகப் பதிய ஆபீஸ் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் சம்மதிக்கும். முகம் மாறியிருக்க வேண்டும். அரைக்கண்ணர் அன்று சாயங்காலமே முப்பது வருஷ மீசையை வழித்து எறிந்தார். மறுநாள் நண்பகலில் ஷெட் வாசலில் சூரியனைப் பார்த்து நின்றுகொண்டு, இங்கேயே எடுத்துடு, உள்ளே இருட்டா இருக்கு என்றார். வெயிலில் இரண்டு கண்ணும் தானாகச் சுருங்கின. கிளார்க் வேர்வையைத் துடைத்துக்கொண்டே பட்டனை அமுக்கினான். அந்த அரைக்கண்தான் திறந்த கண் என்று போனில் பதிந்தது. அதோடு மாமியாருக்கு வாய் அடைத்துப்போயிற்று.

சும்மா இருந்திருக்கலாம். ஜெயித்தவன் எங்கே சும்மா இருக்கிறான்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேருக்குச் சொன்னார், அப்புறம் இன்னும் ஒருத்தனுக்கு. கடைசியாகத் தன் மருமகனுக்கும் சொன்னார்.

மருமகனும் அதே கம்பெனியில்தான் வேன் ஓட்டினான், மதிய ஷிப்டு. நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். போனை நம்புவது மட்டும்தான் அவனிடம் அவருக்குப் பிடிக்காதது. கூப்பிடு தூரத்தில் கடை இருந்தாலும் போனில் வழி பார்ப்பான். மழை வருமா என்று வானத்தைப் பார்க்காமல் போனைப் பார்ப்பான். பிறந்து ஒரு மாதமான பிள்ளைக்கு எப்போது பசிக்கும் என்பதைக்கூடப் போன்தான் அவனுக்குச் சொன்னது. அவனுக்கும் அந்த மாதத்தில் இரண்டு சிவப்பு விழுந்திருந்தது. சிரித்தால் கத்துகிறது, வெயில் பட்டால் கத்துகிறது என்று குறைபட்டுக்கொண்டான். அது ஒருவேளை சரியாகத்தான் கத்துகிறதோ என்று அரைக்கண்ணர் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. மீசையை எடுக்கச் சொன்னார். வெயிலில் நிற்கவைத்தார்.

"இனிமே நீ நிஜமாத் தூங்கினாத்தான் வாயைத் திறப்பா. அதுவரைக்கும் நீ ராஜா" என்றார்.

மகள்தான் புருஷனைப் பார்த்துவிட்டு, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி இருக்கீங்க என்று சிரித்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம் அரைக்கண்ணரின் வண்டியில் கிளட்ச் போயிற்று. அதை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு, ஆலை வாசலில் காத்திருந்து மருமகனின் வேனில் ஏறினார். டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை சீட். பின்னால் இருபத்திரண்டு பேர். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர்கள், துணியெல்லாம் சர்க்கரையும் வெண்ணெயுமாக மணந்தது. வண்டி கிளம்பி பத்து நிமிஷத்தில் வேனே தூங்கிவிட்டது. ஜன்னலில் தலை, பக்கத்தில் இருப்பவர் தோளில் தலை, மடியில் வைத்த பையின் மேல் தலை.

வாய்க்காலை ஒட்டிய நேர் சாலை. ஏழு கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கிடையாது. அரைக்கண்ணர் ஏதோ சொல்லத் திரும்பினார். மருமகனின் முகத்தைப் பார்த்தார். சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

தலை நிமிர்ந்துதான் இருந்தது. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. கண் பாதி மூடி, கீழே ஒரு கோடு வெள்ளை மட்டும் தெரிந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் அவர் அந்த முகத்தை நிறைய பார்த்திருக்கிறார். டீக்கடை வாசலில் நின்ற வண்டிகளில் பார்த்திருக்கிறார். ஓடுகிற வண்டியில் பார்த்ததில்லை. பார்த்தவன் யாரும் திரும்பி வந்து சொன்னதும் இல்லை. மாமியாரைப் பார்த்தார். பச்சை.

"மாப்பிள்ளை" என்றார் மெதுவாக.

ஓரத்துச் சரளைக்கல் டயருக்குக் கீழே பொரிந்தது. வேன் வாய்க்கால் பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று. அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து, அவன் காதுக்குள் கத்தினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கித் தார் ரோட்டில் ஏறியது. ஓரத்துக் கம்பத்தில் பட்டுப் பக்கக் கண்ணாடி தூள் தூளாயிற்று. பின்னால் ஒரு பெண் விழித்து, என்ன, பள்ளமா என்றாள். ஆமாம்மா பள்ளம் என்றார் அவர். அவள் திரும்பவும் தூங்கிப்போனாள். போன் அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.

ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டு ஷெட்டில் வண்டியை நிறுத்திய பிறகு கேட்டார்.

"தூங்கினியா?"

"இல்ல மாமா."

"நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சேன்."

"நீங்க ஏன் பிடிச்சீங்கன்னுதான் நானும் யோசிக்கிறேன். குழி வந்துச்சு, ஒடிக்கப் போனேன், அதுக்குள்ள நீங்க பிடிச்சு இழுத்துட்டீங்க. கண்ணாடி போச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அரைக்கண்ணரைப் பயமுறுத்தியது. பொய் சொல்லுகிறவனை அவருக்குத் தெரியும், கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இவன் மனசார நம்பினான். போனைத் தட்டிக் காட்டினான்.

"பாருங்க, பச்சை. தூங்கியிருந்தா இது கத்தியிருக்குமே. நீங்கதானே சொன்னீங்க, நிஜமாத் தூங்கினாத்தான் கத்தும்னு."

அவர் அந்தப் போனை நம்பாதவர். அதனால் அதை ஏமாற்றிய பிறகும் தன் கண்ணைத் தானே பார்த்துக்கொண்டார், தூக்கம் வந்தால் தொடையைக் கிள்ளிக்கொண்டார், முகம் கழுவிக்கொண்டார். எல்லாரும் தன்னைப்போலத்தான் என்று நினைத்துவிட்டார். இவனோ நம்புகிறவன். ஏமாற்றிய பிறகும் நம்பினான். அது கத்தவில்லையா, அப்போது தான் தூங்கவில்லை, அவ்வளவுதான் அவன் கணக்கு. குருடன் கையில் இருந்த கோலைப் பிடுங்கிக்கொண்டு, இந்தா கோல் என்று வைக்கோலைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது காரியம்.

வீட்டில் படுக்க இரண்டே அறை. ஒன்றில் அவர், ஒன்றில் மகளும் மருமகனும் பிள்ளையும். ராத்திரி ஒன்பதுக்கு மகள் அவர் கதவைச் சாத்துவாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு பழைய போர்வையை மடித்துச் செருகுவாள். அப்பா விடிகாலையில் வண்டி எடுக்க வேண்டும், தூக்கம் கெடக்கூடாது. அவரும் ஆறு வாரமாக நிம்மதியாகத் தூங்கி எழுந்தார். பிள்ளை எப்படி என்று காலையில் கேட்டால், பரவாயில்லப்பா என்பாள்.

அன்று ராத்திரி அந்தப் போர்வையை உள்ளேயிருந்து இழுத்துவிட்டுப் படுத்தார். பிள்ளை பத்து மணிக்கு ஆரம்பித்தது. மகளுக்கு ஆபரேஷன் ஆன உடம்பு, தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. மருமகனின் காலடிச் சத்தம்தான் கேட்டது. கதவிலிருந்து ஜன்னலுக்கு ஆறு அடி, ஜன்னலிலிருந்து கதவுக்கு ஆறு அடி. நின்றால் அழுகை, நடந்தால் அமைதி. நாலு மணி வரைக்கும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. மதிய ஷிப்டுதானே, காலையில் தூங்கிக்கொள்வான் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள். காலையில் கிளினிக், கடை, பிள்ளைத் துணி. யார் போட்ட கணக்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அரைக்கண்ணரின் வண்டி இன்னும் ஒர்க்ஷாப்பில்தான் இருந்தது, அன்று அவருக்கு நடை இல்லை. விடிந்ததும் மருமகனிடம், லீவு போடு என்றார். பிள்ளை பிறந்தபோதே லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது என்றான். போனில் முகத்தைத் திரும்பப் பதியச் சொல்லு என்றார். நல்லாத்தானே மாமா வேலை செய்யுது, இன்னொரு சிவப்பு விழுந்தா ஒரு வாரம் வண்டி போயிடும் என்றான். சமையலறைக்கு வெளியே அவனுடைய மாமியார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பிள்ளைத் துணி ஊறுகிற பக்கெட். அரைக்கண்ணர் சுற்றுமுற்றும் பார்த்தார். போனை எடுத்துப் பக்கெட்டில் முக்கினார். அடியில் போட்டு, துணியால் அமுக்கி, நூறு எண்ணினார். பிறகு, ஐயோ தவறி விழுந்துடுச்சு என்றார். நடிப்பு ஒன்றும் பிரமாதம் இல்லை. மகள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

புதுப் போன், புதுப் பதிவு. இந்தத் தடவை உள்ளே, நிழலில், அவனுடைய முழுக் கண்ணையும் திறந்துவைத்துப் பதிந்துவிடலாம். கூடவே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரும் ஷெட்டுக்குப் போனார். கிளார்க் அலமாரியைத் திறந்து வேறொரு போனை எடுத்தான். மருமகனின் நம்பரை அடித்தான். அவன் முன்னால் நீட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

முகம் பதிய வேண்டாமா என்று கேட்டார் அரைக்கண்ணர்.

வேண்டாம், பழசு எல்லாம் மேல, நெட்ல இருக்கு என்று கிளார்க் விரலை உயர்த்தினான். அவர் மேலே பார்த்தார். ஒரு மின்விசிறியும் ஒட்டடையும்தான் இருந்தன. அந்த அரைக்கண் முகம் தண்ணீரில் சாகாது, போன் மாற்றினாலும் போகாது என்பது மெதுவாகத்தான் அவருக்கு உறைத்தது.

மணி பதினொன்றரை. ஒரு மணிக்கு மருமகன் வண்டியை எடுப்பான். வேறு வழி ஒன்றுதான் இருந்தது. அந்த வழியில் போனால் தன் சீட்டும் போகும் என்று அவருக்குத் தெரியும். ஒழுங்காகப் பதிந்தால் அவர் இமையை அந்தப் போன் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாது. ஷெட்டை இரண்டு தடவை சுற்றிவந்தார். வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே லைசென்சுக்காகத்தான். பிறகு மாடிப்படி ஏறினார்.

மேனேஜர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சிரிக்கமாட்டாள், கத்தவும் மாட்டாள். உட்காரச் சொன்னாள். நின்னே சொல்றேன் என்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். மீசை, வெயில், வாய்க்கால், பக்கெட். எதையும் குறைக்கவில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றாள்.

"கத்த வேண்டியது கத்தலம்மா. அது வாயைக் கட்டினவன் நான்."

"வேற யாருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தீங்க?"

"ஆறு பேரு. பேரைக் கேக்காதீங்க. எல்லாரையும் புதுசாப் பதியச் சொல்லுங்க, அது போதும்."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே டிரைவர்கள் மதிய நடைக்காக வந்து நின்றிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணினாள்.

"பதினோரு பேருக்கு மீசை இல்ல" என்றாள்.

அரைக்கண்ணரும் வந்து எட்டிப் பார்த்தார். அவர் சொல்லாத முகங்களும் மழமழவென்று வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அவர் ஆறு பேரைத்தான் நினைத்தார். அந்தத் தந்திரம் அவரை விட்டு எப்போதோ போய்விட்டிருந்தது.

அன்று ஒரு மணி வண்டி எதுவும் ஒன்றே முக்கால் வரை கிளம்பவில்லை. கிளினிக்கிலிருந்து ஒரு கண் டாக்டரை வரவழைத்து, ஆபீஸ் அறையில் திரையை இழுத்துவிட்டு, ஒவ்வொருத்தராக உட்காரவைத்துப் பதிந்தார்கள். யார் போய்ச் சொன்னது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. நெட்டை என்கிற டிரைவர், பதினைந்து வருஷமாக அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறவன், பக்கத்தில் வந்து நின்றான். அடிக்கிற மாதிரி வந்தான், அடிக்கவில்லை.

"மீசையையும் எடுக்கவச்சு, பொழப்புலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களேண்ணே" என்றான். அதற்குப் பிறகு அங்கிருந்த ஒருவரும் அவரிடம் பேசவில்லை.

அவர் முறை வந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, பார்வை நல்லா இருக்கு என்றார். போன், கண்ணைத் திறங்கள் என்றது. திறந்தார். கண்ணைத் திறங்கள். நெற்றியைச் சுருக்கவேண்டாம் என்றான் கிளார்க். ஐந்து தடவை. ஆறாவது தடவை அவரே எழுந்துவிட்டார். இந்த மாதிரிக் கண்ணுக்கு வேறு மாதிரி வைக்க முடியுமா என்று தலைமை ஆபீசுக்கு எழுதுகிறேன், பதில் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள் மேனேஜர். அவள் எழுதுவாள் என்று நம்பினார். பதில் வரும் என்பதை நம்பவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகும் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

மருமகனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் மூன்று நாள் ஓய்வும் கிடைத்தன. பழைய இரண்டு சிவப்பும் அப்படியே நின்றன. படியில் இறங்கும்போது அவன் ஒன்றுதான் கேட்டான்.

"எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே மாமா."

"சொன்னா போக விட்டிருப்பியா?"

அவன் யோசித்தான். "மாட்டேன்" என்றான்.

மகள் அப்படி விடவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "ஆறு வாரமா அவரு ராத்திரி முழுக்க நடந்தது யாருக்காகன்னு நெனச்சீங்க? உங்க கதவுக்குப் போர்வை செருகினது யாருக்காக?"

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதா, கேக்கலையா?"

பிள்ளையைக் கொடு, இனி ராத்திரி நான் பார்த்துக்கறேன் என்றார். கொடுத்தாள். பிள்ளை அவர் தோளில் ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தது. பிறகு தெருவே எழும்படி கத்தியது. அவர் நடந்தார், ஆட்டினார், தெரிந்த பாட்டெல்லாம் பாடினார். அதற்கு அப்பன் தோள்தான் வேண்டும். இரண்டு மணிக்கு மருமகன் எழுந்துவந்து ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். மூன்று ராத்திரியும் பாதிக்குப் பாதிதான் தேறியது. ஆறு வாரத் தூக்கம் மூன்று நாளில் அடங்குகிற சாமானா?

நாலாம் நாள் அவன் வண்டிக்குப் போனான். போகவேண்டாம் என்று அரைக்கண்ணர் சொல்லவில்லை. ஒருத்தர் சீட் ஏற்கெனவே போயிற்று, இன்னொன்றும் போனால் வீடு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். வாசலில் நின்று, தண்ணி வச்சிருக்கியா என்று மட்டும் கேட்டார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவருடைய சொந்தப் போன் அடித்தது.

"மாமா, கத்திருச்சு." குரல் வறண்டிருந்தது. "ரெண்டு தடவ."

"எங்க இருக்க?"

"வாய்க்கா ரோட்டுல. ஓரமா நிறுத்திட்டேன். மூணாவது சிவப்பும் விழுந்திருக்கும். இன்னும் பதினோரு கிலோமீட்டர்தான் மாமா. ஜன்னலத் திறந்து வச்சுக்கிட்டு மெதுவாப் போயிடட்டுமா?"

அரைக்கண்ணருக்கு, போய்விடு என்று சொல்ல வாய் வந்தது. அவர் வாழ்நாள் பூராவும் அப்படித்தான் போயிருக்கிறார்.

"சாவியை எடு" என்றார்.

"எடுத்துட்டேன்."

"பின்னால யாரு கையிலயாவது குடு. இருபது நிமிஷம் கழிச்சு எழுப்பச் சொல்லு. படு."

பின்னால் ஆட்கள் விழித்துக்கொண்டு கேட்கிற சத்தம் வந்தது. ஏன் நிக்குது, வீட்டுல புள்ள தனியா இருக்கு, டயரா, என்ன. மருமகன் போனை வாய்க்கு நெருக்கிவைத்துக்கொண்டு, "இன்ஜின் சூடாயிடுச்சுன்னு சொல்லிடட்டுமா மாமா?" என்றான்.

எந்த டிரைவரும் அப்படித்தான் சொல்வான். இன்ஜின் சூடு, டயரில் காற்று இல்லை, பெல்ட்டில் சத்தம். வண்டிமேல் பழியைப் போட்டுவிட்டு மரத்தடியில் படுப்பார்கள். தனக்குத் தூக்கம் வருகிறது என்று ஏறி உட்கார்ந்திருக்கிற ஆட்களிடம் ஒரு டிரைவர் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. அதைவிட லைசென்சைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

"வேண்டாம்" என்றார். "தூக்கம்னே சொல்லு."

பிறகு போனை விட்டுத் தள்ளி அவன் குரல் கேட்டது. எனக்குத் தூக்கம் வருதுங்க, ஓட்டினா ஆபத்து, இருபது நிமிஷம் குடுங்க. வேன் அப்படியே அமைதியாயிற்று. அந்த அமைதியில் அரைக்கண்ணருக்குக் காதெல்லாம் சுட்டது. யாரோ ஒரு ஆள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப்போகிற சத்தம். சீட்டைப் பின்னால் சாய்க்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில், வெயில் அவரு மூஞ்சில அடிக்குது, அந்தத் துண்டைக் கட்டிவிடு என்று ஒரு பெண்குரல்.

அவர் போனைக் கட் பண்ணவில்லை. மகள் பிள்ளையோடு வந்து, யாரு என்று கண்ணால் கேட்டாள். விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

அப்புறம் வேனுக்குள் இன்னொரு போன் அடிக்க ஆரம்பித்தது. ஆபீசிலிருந்துதான், மாமியாருக்குத்தான். மூன்று தடவை அடித்தது. இவன் எழுந்துவிடப் போகிறான் என்று அரைக்கண்ணர் பல்லைக் கடித்தார். அடிப்பது நின்றது. சாவி வைத்திருந்த பெண்ணாக இருக்க வேண்டும், தணிந்த குரலில் பேசினாள்.

"ஆமாங்க. டிரைவரு தூங்கறாரு. இல்லீங்க, நிறுத்திட்டுத்தான் தூங்கறாரு."